புல்பென்னுக்குப் போகும் பையன்: ஸ்டார்ட்டர் ஏன் ரிலீவர் ஆகிறான்?

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் ஒரு பையனை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். மேல்படியில் இருக்கும் அணிக்குப் போகச் சொல்வார். அல்லது மூட்டை கட்டி வீட்டுக்குப் போகச் சொல்வார். இரண்டும் இல்லையென்றால், "இனிமேல் நீ புல்பென்னில் இரு" என்பார். முதல் செய்தியைக் கேட்டவன் வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போடுவான். இரண்டாவதைக் கேட்டவனும் கொஞ்சம் பொறுத்துப் போடுவான். மூன்றாவதைக் கேட்டவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பான். இது நல்ல சேதியா, கெட்ட சேதியா? எப்படிச் சொல்லி ஆரம்பிப்பது?

அந்த மூன்றாவது சேதியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பேஸ்பால் பார்த்தே இராதவர்களும் படிக்கலாம். விதிகளை வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பேஸ்பாலில் பந்து வீசுகிறவர் பிட்சர். ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட். ஆக, ஒரு முழு ஆட்டத்தில் 27 பேரை அவுட் ஆக்க வேண்டும். கிரிக்கெட் மாதிரி ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவது இங்கே கிடையாது. ஒருவரே தொடர்ந்து வீசுவார். அவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அன்றைக்கு அவர் திரும்பி வந்து பந்து வீச முடியாது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் ஸ்டார்ட்டர். அவருக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் ரிலீவர்கள். அந்த ரிலீவர்கள் உட்கார்ந்து காத்திருந்து, கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடம் புல்பென். இடத்தின் பெயரே அங்கே இருக்கும் கூட்டத்துக்கும் பெயராகிவிட்டது.

ஓடி வந்து வீசுவதும் கிடையாது. 10 அங்குல உயர மண்மேட்டின் மேல் ஒரு ரப்பர் பட்டை. அதில் கால் பதித்து நின்று, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால், பேட்டர் நிற்கும் இடத்தில் இருக்கும் பிளேட்டை நோக்கி வீச வேண்டும். மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர் வேகம் இன்றைக்குச் சர்வசாதாரணம். இந்த வேகம் முழுக்கக் காலிலும் இடுப்பிலும் தோளிலும் முழங்கையிலுமிருந்தே வருகிறது, ஓட்டத்தின் உதவி இல்லை. அதனால்தான் ஸ்டார்ட்டர் ஒரு நாள் 80, 100 பந்து வீசிவிட்டு அடுத்த நாலைந்து நாள் ஓய்வெடுக்கிறார். மேஜர் லீக்கில் 5 பேர் முறைவைத்து வீசுவார்கள். மைனர் லீக்கில் இப்போது செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு 6 ஆட்டம், திங்கள் லீவு. எனவே அங்கே பல ஸ்டார்ட்டர்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் மேடேறும் வேலை.

மைனர் லீக் என்றால் என்ன? மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு படிகள்: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. ஆக 120 அணிகள். அவற்றில் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் தருவது மேலே இருக்கும் தாய் அணி. யார் எந்த நாளில் எத்தனை பந்து வீச வேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்யும். மேனேஜர் அறையில் கேட்கும் அந்த வாக்கியமும் அநேகமாக மேலிடத்திலிருந்து வந்ததே. படிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைச் சம்பளத்தில் பார்க்கலாம். 2023 ஒப்பந்தப்படி ட்ரிபிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். 2025-இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,60,000 டாலர். ஒரே ஒரு படி ஏறினால் 20 மடங்குக்கும் மேல். புல்பென்னுக்குப் போகும் பையனின் மனக்கணக்கில் இந்த எண் கட்டாயம் ஓடும்.

சரி, எல்லாரையும் முதலில் ஸ்டார்ட்டராகவே ஏன் வைத்துப் பார்க்கிறார்கள்? ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்குகிறவனுக்கு ஒரு இன்னிங்ஸ் வீசுகிறவனைவிட மதிப்பு அதிகம் என்பது ஒரு காரணம். பள்ளி, கல்லூரி அணிகளில் இருக்கும் நல்ல கைகள் எல்லாமே ஸ்டார்ட்டர்கள் என்பது இன்னொன்று. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தொழில் கற்றுக்கொள்ள மேட்டில் நேரம் வேண்டும். ஸ்டார்ட்டராக இருந்தால் ஒரே நாளில் 20 பேட்டர்களைச் சந்திக்கலாம், தவறு செய்து திருத்திக்கொள்ளலாம். ஆக, முடிகிற வரைக்கும் ஸ்டார்ட்டராக வைத்திருப்பது, முடியாது என்று தெரிந்தால் புல்பென். மேஜர் லீக்கில் இன்று இருக்கும் ரிலீவர்களில் பெரும்பாலோர் எங்கோ ஒரு கட்டத்தில் ஸ்டார்ட்டராக இருந்தவர்களே. "தோற்றுப்போன ஸ்டார்ட்டர்" என்று கிண்டலாகவே சொல்வார்கள்.

மூன்றாம் தடவை வரும் பேட்டர்

எங்கே தோற்கிறார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பேட்டிங் வரிசையில் 9 பேர். ஒன்பதாமவர் ஆடி முடித்ததும் மறுபடி முதலாமவர். அதே வரிசை, அதே முகங்கள், சுற்றிச் சுற்றி வரும். வலது கை ஸ்டார்ட்டர் ஒருவன், நல்ல ஃபாஸ்ட்பால் (நேராக வரும் அதிவேகப் பந்து), நல்ல ஸ்லைடர் (கடைசியில் பக்கவாட்டில் விலகும் பந்து) வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஐந்தாவதாக ஆடும் இடது கை பேட்டர். இரண்டாவது இன்னிங்ஸில் முதல்முறை சந்திக்கிறார்கள். ஃபாஸ்ட்பால் இரண்டு, ஸ்லைடர் ஒன்று, ஆள் காலி. நாலாவது இன்னிங்ஸில் அவர் மறுபடி வருகிறார். இப்போது ஸ்லைடர் கையை விட்டுக் கிளம்பும்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அடிக்காமல் விட்டுவிடுகிறார். மேலும் ஒன்று: வலது கைக்காரனின் ஸ்லைடர் வலது கை பேட்டரை விட்டு விலகி ஓடும், ஆனால் இடது கை பேட்டரின் பக்கமாக உள்ளே வரும். வந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆறாவது இன்னிங்ஸில் மூன்றாம் தடவை சந்திக்கும்போது பிட்சர் 75 பந்து வீசிக் களைத்திருக்கிறான். பேட்டரிடமோ அவனைப் பற்றிய முழு ஜாதகமும் இருக்கிறது. ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருந்து, வேலிக்கு வெளியே அனுப்பிவிடுகிறார், அதுதான் ஹோம் ரன்.

ஒவ்வொரு சுற்றிலும் பேட்டர்களின் கை ஓங்கிக்கொண்டே போவது புள்ளிவிவரங்களில் பல ஆண்டுகளாகத் தெளிவாகத் தெரியும் சங்கதி. இதிலிருந்து தப்பிக்க ஸ்டார்ட்டருக்கு மூன்றாவது ஆயுதம் வேண்டும். பெரும்பாலும் அது சேஞ்சப். கை அசைவு ஃபாஸ்ட்பால் போலவே இருக்கும், பந்து மட்டும் 8, 10 மைல் மெதுவாக வந்து ஏமாற்றும். சொல்வது எளிது. கை வேகத்தைக் குறைக்காமல் பந்தின் வேகத்தை மட்டும் குறைக்கும் வித்தை பலருக்குக் கடைசி வரை கைகூடுவதில்லை. வருஷக்கணக்கில் அதைத் தேடித் தேடி டபுள் ஏ-யில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

புல்பென் இந்தத் தேடலையே தேவையில்லாமல் ஆக்கிவிடுகிறது. ரிலீவர் ஒரு இன்னிங்ஸில் மூன்று நாலு பேரைச் சந்திப்பான், ஒவ்வொருவரையும் ஒரே தடவை. இரண்டாம் சுற்று என்பதே அவன் வாழ்வில் இல்லை. சேஞ்சப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இருக்கும் இரண்டையும் முழு வேகத்தில் வீசலாம். ஆறாவது இன்னிங்ஸுக்கென்று சக்தியை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. அதனால் ஃபாஸ்ட்பாலுக்குச் சாதாரணமாகவே ஒன்றிரண்டு மைல் கூடிவிடும். காதில் விழும்போது சின்ன எண்தான். 60 அடி தூரத்தில் மட்டையைச் சுற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அரை நொடிகூட இல்லாத பேட்டருக்கு அது சின்ன எண் இல்லை.

மூன்றாவது பந்து இல்லாதது மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு முழங்கையோ தோளோ 100 பந்து தாங்காது. சிலர் வீசும் விதமே முரட்டுத்தனமாக இருக்கும், ஒரு இன்னிங்ஸ் ஓடும், ஐந்து ஓடாது. இன்னும் சிலர் விஷயத்தில் காரணம் வெறும் கூட்டல் கழித்தல்தான். மேஜர் லீக் அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஸ்டார்ட்டர்களுக்கு 5 இடம் போனால் புல்பென்னில் 8 இடம். எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் உள்ளே போகலாம் என்பது ரேஷன் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

எட்வின் டியாஸின் 2016

பாடப்புத்தக உதாரணம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எட்வின் டியாஸ். போர்ட்டோ ரிக்கோக்காரர். 2012-இல் சியாட்டில் மரினர்ஸ் அவரை எடுத்தது. அதிலிருந்து படிப்படியாக ஸ்டார்ட்டராகவே வளர்த்தார்கள். 2016 தொடக்கத்தில் டென்னசி மாநிலத்தின் ஜாக்சனில், டபுள் ஏ அணியில் ஸ்டார்ட்டர். வயது 22. அந்த மே மாதம் அவரைப் புல்பென்னுக்கு மாற்றினார்கள். ஜூன் 6 அன்று அவர் மேஜர் லீக்கில் பந்து வீசிக்கொண்டிருந்தார். ட்ரிபிள் ஏ படியை மிதிக்கவே இல்லை.

நாலு வருஷம் படி ஏறிய மனிதரை மேலே கொண்டுபோக ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. அவர் புதிதாக எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் முன்பே இருந்தவை. இப்போது ஃபாஸ்ட்பால் 100 மைலைத் தொட்டது, சேஞ்சப் ஏறக்குறைய காணாமல் போனது. அந்த ஆண்டு 51 இன்னிங்ஸும் கொஞ்சமும் வீசி 88 பேரை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க விடாமலே அவுட், ஆக்கினார். ஆகஸ்டில் அணியின் க்ளோசர், அதாவது முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துவைக்கும் கடைசி ஆள். 2018-இல் 57 ஆட்டங்களை அப்படிக் காப்பாற்றினார். 2022 நவம்பரில் நியூயார்க் மெட்ஸ் அவருக்கு 5 ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் கொடுத்தது. ரிலீவர் ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் லாட்டரிச் சீட்டு விற்கிறவன் ஆகிவிடுவேன். புல்பென்னுக்கு மாறி, அங்கேயும் சரிவராமல், அடுத்த ஆண்டே ஊர் திரும்புகிறவர்களும் பலர்.

புகழ்பெற்ற க்ளோசர் மரியானோ ரிவேராவையும் இந்த இடத்தில் எல்லாரும் இழுப்பார்கள். அவர் கதை கொஞ்சம் சிக்கலானது. பனாமாவின் மீனவ கிராமத்திலிருந்து வந்தவர், 1995 மே 23 அன்று நியூயார்க் யாங்கீஸுக்காக ஸ்டார்ட்டராக அறிமுகமானார். நாலாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை, 5 ரன் கொடுத்தார், அணி 10-0 என்று தோற்றது. அடுத்த மாதமே ஒஹாயோவின் கொலம்பஸுக்கு, ட்ரிபிள் ஏ-க்கு, திருப்பி அனுப்பப்பட்டார். அங்கே திடீரென்று அவர் வேகம் 95 மைலுக்கு ஏறியது. வேகம் அளக்கும் கருவி கெட்டுவிட்டதோ என்று மேலிடம் விசாரிக்கும் அளவுக்கு. இந்த வேகம் அவர் ஸ்டார்ட்டராக இருக்கும்போதே வந்தது, புல்பென் கொடுத்ததில்லை. அந்த ஆண்டு கடைசியில்தான் புல்பென்னுக்கு மாறினார். அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் அவர் தொடங்கியதில்லை. 652 சேவ்களோடு, அதாவது காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்களோடு, ஓய்வு பெற்று, 2019-இல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 பேரின் ஓட்டையும் வாங்கிய முதல் ஆட்டக்காரர் ஆனார். ஆரம்பத்தில் தடுமாறிய ஸ்டார்ட்டர் என்ற வரி மட்டும் உண்மை. மற்றபடி அவர் தனிப்பிறவி.

உடம்புக்கும் நாட்காட்டிக்கும் என்ன ஆகிறது

மாற்றத்தின் தொழில்நுட்பப் பகுதி அவ்வளவு கடினமில்லை. ஒன்றைக் கவனித்தால் போதும். ஸ்டார்ட்டர் பந்து வீசும்போது பிளேட்டைப் பார்த்து நிற்பார், ஒரு கால் பின்னே வைத்து, உடம்பை ஆட்டி, முட்டியைத் தூக்கி, நிதானமாகச் சுழன்று வீசுவார். இதற்கு நேரம் பிடிக்கும். பேஸில், அதாவது ரன் எடுக்க வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடங்களில் ஒன்றில், எதிரணிக்காரர் ஒருவர் நின்றால் அந்த நேரத்தில் அவர் அடுத்த பேஸுக்கு ஓடித் திருடிவிடுவார். அதனால் பேஸில் ஆள் இருக்கும்போது பிட்சர்கள் பக்கவாட்டில் நின்று, சுருக்கமாகக் காலைத் தூக்கி வீசுவார்கள். ரிலீவர் பேஸில் ஆள் நிற்கும் சமயத்திலும் வர வேண்டியிருக்கும். எனவே பலர் அந்த நீண்ட அசைவைத் தலைமுழுகிவிட்டு, எப்போதும் பக்கவாட்டிலேயே வீசப் பழகிக்கொள்கிறார்கள். பராமரிக்க வேண்டிய அசைவு இரண்டிலிருந்து ஒன்றாகிறது.

நாட்காட்டிதான் பாடாய்ப் படுத்தும். ஸ்டார்ட்டரின் வாழ்க்கை பஞ்சாங்கம் மாதிரி. வீசிய மறுநாள் ஓட்டமும் கை கால் பிடித்துவிடுதலும். அடுத்த நாள் லேசாகப் பந்து பிடித்தல். நடுவில் ஒரு நாள் புல்பென்னில் 25, 30 பந்து பயிற்சி. தன் முறைக்கு முந்தின நாள் பிளேட்டுக்குப் பின்னால், பார்வையாளர்களோடு உட்கார்ந்து, அன்றைய பிட்சரின் ஒவ்வொரு பந்தையும் தாளில் குறிக்க வேண்டும். மைனர் லீக்கில் இது ஸ்டார்ட்டர்களின் தலையில் விழும் பழைய வேலை. சனிக்கிழமை என்ன சாப்பிடுவான், எத்தனை மணிக்குத் தூங்குவான் என்பது அவனுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

இப்போது அவனைப் புல்பென்னில் உட்கார வையுங்கள். மைனர் லீக் மைதானங்கள் பலவற்றில் புல்பென் என்பது கோட்டோரம் போட்ட ஒரு பெஞ்சுதான். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் பந்து கேட்டு நச்சரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் மூன்று இன்னிங்ஸ் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு பேச்சு. நாலாவதில் பேச்சு குறையும். ஐந்தாவதில் ஒவ்வொருவராக எழுந்து, வேலிக்கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டித் தோளை இழுத்துவிட ஆரம்பிப்பார்கள். போன் அடிக்கும். கோச் எடுத்து, "ம்" என்று சொல்லி வைத்துவிட்டு, ஒரு பெயரைச் சொல்வார். பெயருக்கு உரியவனுக்குச் சில நிமிடங்கள்தான். ஸ்டார்ட்டராக இருந்தபோது அரை மணி நேரம் எடுத்துச் செய்த வேலையை 15, 20 பந்துக்குள் முடித்தாக வேண்டும். முடித்து, கை தயாராகி, வேர்த்து நிற்கும்போது, மேட்டில் இருந்தவன் எப்படியோ சமாளித்துவிடுவான். "உட்கார்" என்பார் கோச். அடுத்த இன்னிங்ஸில் மறுபடி போன். மறுபடி எழ வேண்டும். அன்று அவன் ஆட்டத்தில் இறங்காமலேகூட 40 பந்து வீசியிருப்பான். எந்த ஸ்கோர் தாளிலும் அது இருக்காது, மறுநாள் காலை முழங்கையில் மட்டும் இருக்கும்.

என் கணிப்பில், இந்த மாற்றத்தில் பையன்கள் தடுமாறுவது பந்தால் அல்ல, இந்தக் காத்திருப்பால். பல அணிகள் இதைப் புரிந்துவைத்திருக்கின்றன. புதிதாக மாறியவனுக்கு முதல் சில வாரம், இன்ன நாள், இன்ன இன்னிங்ஸ் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இரண்டு நாள் அடுத்தடுத்து வீசுவதைப் பிற்பாடு பழக்குவார்கள். இங்கே விடிகாலை நாலரைக்கு எழுந்து அந்த ஊர் ராத்திரி ஆட்டத்தைப் பார்க்கிற எனக்கு, அந்த ஐந்தாவது இன்னிங்ஸ் ரப்பர் பட்டைக் காட்சி ஆட்டத்தைவிடச் சுவாரசியம்.

கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது பிட்சரின் முக்கிய மதிப்பெண். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஸ்டார்ட்டர் போய் ரிலீவர் வருகிறான் என்று வையுங்கள். வந்ததும் ஒரு அடி வாங்குகிறான், இரண்டு பேர் ஓடி ரன் எடுக்கிறார்கள். அந்த இரண்டு ரன்னும் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்ட ஸ்டார்ட்டரின் தலையில் எழுதப்படும். அவர்களை பேஸில் ஏற விட்டவர் அவர் என்பது விதியின் வாதம். நெருப்பணைக்க வந்தவன் வீட்டைக் கோட்டை விட்டாலும் அவன் ஏட்டில் கறை இல்லை. ஆகவே ரிலீவரின் சராசரியைப் பார்த்ததும் வாயைப் பிளக்க வேண்டாம். 2013-இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸின் வேட் டேவிஸ், பெரும்பாலும் ஸ்டார்ட்டராக ஆடி 5.32 வைத்திருந்தார். 2014-இல் முழுநேர ரிலீவராகி 72 இன்னிங்ஸில் சரியாக 1.00, ஒரு ஹோம் ரன்கூடக் கொடுக்கவில்லை. இந்தக் கணக்குச் சலுகையை எவ்வளவு கழித்தாலும் அது அசாத்தியமான எண் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒருவழிப்பாதையா இது? ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். இப்போது எதிர்த்திசையிலும் ஆள் நடமாட்டம் தெரிகிறது. காரட் க்ரோஷே 2020-இல் மைனர் லீக்கே ஆடாமல் நேராகச் சிகாகோ வைட் சாக்ஸ் புல்பென்னுக்கு வந்தார். முழங்கை அறுவை சிகிச்சையில் 2022 போனது. 2024-இல் முதல்முறையாக ஸ்டார்ட்டர் ஆகி 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அடுத்த ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸோடு 6 ஆண்டுக்கு 17 கோடி டாலர் ஒப்பந்தம். டியாஸின் தொகையோடு இதை ஒப்பிட்டால் எந்த வேலைக்குச் சந்தையில் விலை அதிகம் என்பது புரியும்.

ஆனாலும் நம் டபுள் ஏ பையனுக்கு அந்தக் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம். மேலே ஒரு ரிலீவரின் கை வலித்தால் இவனுக்குப் போன் வரும், பதினைந்து நாள் கழித்து அவர் குணமானால் திரும்பக் கீழே அனுப்புவார்கள். இப்படிக் கீழே அனுப்புவது ஒரு ஆண்டில் 5 தடவைக்கு மேல் கூடாது என்று 2022-இல் விதியே போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் எப்படி ஆட்டி வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படி முதல்முறை மேலே போகிறவனுக்கு மேஜர் லீக் புல்பென்களில் ஒரு சடங்கு காத்திருக்கிறது. சீனியர்களுக்கான மிட்டாய், சூயிங் கம், சூரியகாந்தி விதை எல்லாம் ஒரு பையில் இருக்கும். பெரும்பாலும் சின்னப் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, நல்ல ரோஸ் கலரில், பூனைக்குட்டிப் படம் போட்டது. ஆட்டத்துக்கு முன் அதை மாட்டிக்கொண்டு புல்பென் வரை மைதானத்தைக் கடந்து நடக்க வேண்டியது அங்கே இருப்பவர்களிலேயே புதியவன். ஆறடி உயரம், 100 மைல் வேகம், முதுகில் பூனைக்குட்டி. டிவி கேமரா தவறாமல் அவன் பின்னாலேயே போகும், ஊரில் அம்மா அதையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.